கிரில் அடுப்பில் பீட்சா சுட எந்தக் கல்? முதல் கல் பிளந்த பிறகு ஒரு கேள்வி

புதுமாவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூடியும் மூன்று பர்னர்களும் உள்ள எரிவாயு கிரில் அடுப்பில் சில மாதங்களாகப் பீட்சா சுடப் பழகி வருகிறேன். முதலில் வாங்கிய வட்டக் கல், நான்காவது முறை பயன்படுத்தியபோது, துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தத்துடன் நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதன் பெட்டியில் "வெப்பம் தாங்கும் செராமிக்" என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன்: அன்று கல்லை முதலிலேயே வைக்க மறந்து, அடுப்பு நன்றாகச் சூடேறிய பின்னரே அதை உள்ளே வைத்தேன். முந்தைய நாள் அதைக் கழுவியும் இருந்தேன்.

பிளப்பதற்கு முன்பும் எனக்கு அந்தக் கல்லோடு ஒத்துப்போகவில்லை என்பதே உண்மை. மூன்று முறையும் அடிப்பகுதி கரிந்தது. மேலே சீஸ் உருகியதோடு சரி, ஓரங்கள் வெளிறியே இருந்தன. அடுத்து வாங்கும் கல் உடையாமல் இருக்க வேண்டும், அடியும் மேலும் ஒன்றாக வேக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

சூளைப்பக்கம் எழுதியது:

உடைந்ததற்கான காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன்; சுடும் கலையில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்குப் பழக்கம் மண்பாண்டச் சூளை.

"செராமிக்" என்ற சொல் கல்லைப் பற்றி எதையும் சொல்லிவிடுவதில்லை. தேநீர்க் கோப்பையும் செராமிக்தான், குளியலறை ஓடும் செராமிக்தான். நீங்கள் தேட வேண்டிய பெயர் கார்டியரைட். இது மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவை சேர்ந்த கனிமம்; பிரெஞ்சு நிலவியலாளர் லூயி கார்டியரின் பெயரால் வழங்கப்படுவது. சூடேறும்போது மிகக் குறைவாகவே விரிவது இதன் சிறப்பு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகை ஒன்றை 300 பாகை சூடேற்றினால், கார்டியரைட் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளும். சாதாரணச் சுட்ட களிமண் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளும். கல் பிளப்பது சூட்டினால் அன்று, சூட்டின் ஏற்றத்தாழ்வினால்தான். சுடர் படும் நடுப்பகுதி விரியத் துடிக்கும்போது இன்னும் குளிர்ந்திருக்கும் விளிம்பு அதை இறுக்கிப் பிடிக்கிறது; அந்த இழுவிசை எல்லை மீறும் இடத்தில் விரிசல் தொடங்குகிறது. விரிவே குறைவாக இருந்தால் இழுபறிக்கும் இடம் குறைவு. 1,200 பாகையைத் தொடும் சூளைகளின் தட்டுகளையும், கார்களின் புகைபோக்கிக் குழாயில் புகையைத் தூய்மைப்படுத்தும் தேன்கூடு போன்ற கட்டிகளையும் இதே கார்டியரைட்டில் செய்வதற்கு இதுவே காரணம்.

உங்கள் கல்லுக்கு இரண்டு அடிகள் ஒரே நேரத்தில் விழுந்திருக்கின்றன. குளிர்ந்த கல்லைச் சூடான அடுப்பில் வைத்தது ஒன்று. நுண்துளைகளில் தங்கிய தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி உள்ளிருந்து தள்ளியது மற்றொன்று. இந்த இரண்டும் சேர்ந்தால் கார்டியரைட்கூடப் பிழைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

எஃகுத்தகடு எழுதியது:

உடையக் கூடாது என்பது முதல் நிபந்தனையானால் கல்லை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு ஒன்றைப் பல ஆண்டுகளாகச் சமையலறை அவனில் (oven) பயன்படுத்தி வருகிறேன். கீழே போட்டால் தரை உடையுமே தவிர தகடு உடையாது. ஒரே கனஅளவு எடுத்துக்கொண்டால், எஃகு கார்டியரைட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும். தேக்கியதைப் பல மடங்கு விரைவாக மாவுக்குள் செலுத்தும். கல்லில் எட்டு நிமிடம் எடுத்த பீட்சா எனக்குத் தகட்டில் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. 40க்கு 40 சென்டிமீட்டர் தகடு ஏழரைக் கிலோ இருக்கும். தூக்குவது சற்றுச் சிரமம், துரு பிடிக்காமல் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். வேறு குறையே இல்லை.

கரிக்கனல் எழுதியது:

எஃகுத்தகடு நண்பர் சொல்லும் எல்லாமே அவருடைய அவனுக்குச் சரி, புதுமாவு கேட்ட அடுப்புக்குத் தவறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கொடுக்கப்படும் அறிவுரையால்தான் பலரும் தகடு வாங்கிக் கரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சமையலறை அவனில் வெப்பம் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது. பலவற்றில் கூரையிலும் ஒரு சூடேற்றும் கம்பி இருக்கிறது. அங்கே சூடு 250, மிஞ்சினால் 280 பாகையோடு நின்றுவிடுவதால் அடிப்பகுதி மொறுமொறுப்பாகும் முன் மேற்பகுதி காய்ந்துபோகிறது. ஆகவே அடிக்கு விரைந்து வெப்பம் தரும் எஃகு அங்கே பெரிய வரம். கிரில் அடுப்பில் நிலைமை தலைகீழ். நெருப்பு முழுவதும் கீழே. மேலே இருப்பதோ மெல்லிய தகரமோ வார்ப்போ ஆன ஒரு மூடி. புதுமாவு சொன்ன அடையாளமே இதற்குச் சாட்சி: அடி கரிகிறது, மேலே வெளிறுகிறது. அப்படிப்பட்டவரிடம் அடிக்கு இன்னும் விரைவாக வெப்பம் தரும் பொருளைப் பரிந்துரைப்பது, விரைந்து ஓடும் மாட்டுக்குச் சாட்டையடி கொடுப்பதற்குச் சமம்.

கணக்காகவும் பார்க்கலாம். இரண்டு பொருள்கள் தொடும்போது தொடும் இடத்தின் வெப்பநிலை அவற்றின் சராசரியாக அமைவதில்லை. வெப்பங்கடத்துதிறன், அடர்த்தி, வெப்பக் கொள்திறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண் எந்தப் பொருளுக்குப் பெரிதோ, அந்தப் பக்கமே வெப்பநிலை சாயும். ஈரமான மாவுக்கு இந்த எண் சுமார் 1,200, கார்டியரைட்டுக்கு 1,800 அளவில், எஃகுக்கோ 13,000. ஆகவே 330 பாகையில் உள்ள கல்லின்மேல் மாவைப் போட்டால் தொடும் இடம் ஏறத்தாழ 210 பாகைக்கு இறங்கிவிடும். அதே 330 பாகையில் உள்ள எஃகின்மேல் போட்டால் 300க்குக் குறையாது. கல்லில் கிடைத்த அந்த 210 பாகையை எஃகில் பெற, எஃகு வெறும் 230 பாகையில் இருந்தாலே போதும்.

விறகு அடுப்புகளில் பீட்சா சுடுபவர்கள் இதைக் கணக்குப் போடாமலே கண்டறிந்திருக்கிறார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணியில் 400 பாகையைத் தாண்டிய தளத்தில் 60 முதல் 90 வினாடிகளில் சுடும் அடுப்புகளுக்கு, சொரெண்டோ பகுதிக் களிமண்ணில் செய்த "பிஸ்கோத்தோ" என்னும் நுண்துளைகள் நிறைந்த தளஓட்டை விரும்பித் தேர்கிறார்கள். அது வெப்பத்தை மெதுவாகவே விடுவதால்தான், அத்தனை சூட்டிலும் அடி கரியாமல் மேற்பகுதி வேகும்வரை காத்திருக்கிறது. கிரில்லுக்குக் கல் தேர்வு செய்யும்போதும் நமக்கு வேண்டியது இந்தப் பொறுமைதான்.

எஃகுத்தகடு எழுதியது:

உங்கள் கணக்கையே வைத்துக்கொண்டு கேட்கிறேன். எஃகை 230 பாகையோடு நிறுத்திக்கொண்டால் அடி கரியாதே. சூட்டைக் குறைத்து வைக்கும் வேலைதானே, அதற்காகத் தகட்டையே ஒதுக்குவானேன்?

கரிக்கனல் எழுதியது:

நல்ல கேள்வி. தகட்டை 230 பாகையில் வைக்க வேண்டுமானால் நெருப்பையே குறைக்க வேண்டும். நெருப்பைக் குறைத்தால் மூடியும் குளிர்ந்துவிடும். மேலிருந்து பீட்சாவுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, தனிவெப்பநிலையின் (செல்சியஸ் பாகையோடு 273ஐக் கூட்டினால் வருவது) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 480 பாகையில் உள்ள விறகு அடுப்புக் கூரை தரும் கதிர்வீச்சில் கால் பங்கைக்கூட 250 பாகை மூடி தராது. ஏற்கெனவே ஏழையாக இருக்கும் மேற்பகுதியை இன்னும் ஏழையாக்குவதில்தான் அது முடியும். கல்லிலோ, மூடியை எட்டும் அளவுக்கு நெருப்பைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம்; அடிப்பகுதி அதைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் உங்களிடம் ஏற்கெனவே தகடு இருக்கிறது என்றால் அதற்கு ஒரு நல்ல வேலை உண்டு. கீழே கல்லை வைத்து, அதற்கு எட்டு அல்லது பத்து சென்டிமீட்டர் மேலே, செங்கற்களைத் தாங்கலாகக் கொண்டு, தகட்டைக் கூரையாக வையுங்கள். எண்ணெய் பழகிக் கறுத்த எஃகு வெப்பத்தை நன்றாகக் கதிர்வீசும். ஒரு சிறிய அடுப்பறை அடுப்புக்குள்ளேயே உருவாகிவிடும். செங்கற்கள் காய்ந்தவையாக, ஆடாதவையாக இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏழரைக் கிலோ தலைக்குமேல் நிற்கிறது என்பதை, பீட்சாவை இறக்கி எடுக்கும் துடுப்பை நீட்டும்போது மறக்கக் கூடாது.

எஃகுத்தகடு எழுதியது:

கூரையாக வைக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. வரும் விடுமுறையில் முயன்று பார்க்கிறேன். கிரில்லைப் பொறுத்தவரை என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். அவனைப் பொறுத்தவரை தகட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓரக்கண் எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்வி. வீடு கட்டியபோது மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்றும் தோட்டப் பாதைக்கு வாங்கிய சிமெண்டுக் கற்கள் சிலவும் சும்மா கிடக்கின்றன. தனியாக ஒரு கல் வாங்கத்தான் வேண்டுமா?

சூளைப்பக்கம் எழுதியது:

சிமெண்டுக் கற்களைத் தயவுசெய்து அடுப்பின் அருகே கொண்டுபோகாதீர்கள். சிமெண்டு தன்னுள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். விரைவாகச் சூடேற்றினால் மேற்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அந்தச் சில்லு கண்ணுக்கும் வரும். கிரானைட்டில் குவார்ட்ஸும் பிற கனிமங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிவதால் மணிகளுக்கு இடையே நுண்விரிசல்கள் பெருகும். குவார்ட்ஸுக்கு 573 பாகையில் படிக அமைப்பே மாறித் திடீரென்று பருக்கும் குணமும் உண்டு. சுடர் நேராகப் படும் அடிப்பக்கத்தில் சூடு மேலே அளப்பதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேசைக் கிரானைட்டின்மேல் பிசின் பூச்சு பூசியிருப்பார்கள், அது உணவுக்கு அடியில் எரியத் தகாதது. சலவைக்கல்லும் வேண்டாம். அடுக்கடுக்கான ஸ்லேட் கல், அடுக்குகளுக்கு இடையே ஈரம் இருந்தால் பிளந்து தெறிக்கக்கூடியது.

பளபளப்புப் பூச்சுள்ள தரை ஓடுகளில் மாவை நேரடியாகப் போடாதீர்கள், பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. மண்பாண்டக் கலைஞர்களிடமிருந்து பழைய சூளைத் தட்டு கிடைக்கிறது என்று சிலர் மகிழ்வார்கள். அதில் உருகி வழிந்த பூச்சுகளும் தட்டில் தடவிய காப்புக் குழம்பும் ஒட்டியிருக்கும் என்பதால் உணவுக்கு ஆகாது. புதிய கார்டியரைட் தட்டு என்றால் அதுவும் இந்தக் கல்லும் ஒரே பொருள்தான்.

இயற்கைக் கற்களில் நான் ஒப்புக்கொள்வது மாக்கல் ஒன்றைத்தான். வெப்பத்தை நன்றாகத் தாங்கும், தண்ணீரை அதிகம் குடிக்காது. ஆனால் கார்டியரைட்டைவிட எடை கூடியது, வெப்பத்தையும் சற்று விரைவாகவே விடும். கரிக்கனல் சொன்ன காரணத்தால் கிரில்லுக்கு நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

ஓரக்கண் எழுதியது:

கண்ணைக் காப்பாற்றினீர்கள். நன்றி.

கரிக்கனல் எழுதியது:

இனி அளவுக்கு வருகிறேன், ஏனென்றால் சரியான பொருளை வாங்கியும் அளவில் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருவன். என் முதல் கார்டியரைட் கல், கம்பித் தட்டை விளிம்புவரை மூடிவிட்டது. வெப்பக் காற்று மேலே ஏற வழியே இல்லாமல் அடியிலேயே தேங்கி, கல் கொதித்தது, மூடியோ குளிர்ந்து கிடந்தது, திருகுகளின் பிளாஸ்டிக் இளகத் தொடங்கிய வாடையில்தான் விழித்துக்கொண்டேன். எரிவாயு அடுப்பில் இது கரிந்த பீட்சாவோடு நிற்கும் விஷயம் அன்று, ஆபத்து. கல்லைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளி வழியாக ஏறும் காற்றுதான் மேற்பகுதியை வேகவைக்கிறது. பெரிய பீட்சாவுக்கு ஆசைப்பட்டு இந்த இடத்தை விழுங்கிவிடாதீர்கள்.

தடிமன் ஒன்றரை சென்டிமீட்டருக்கு முன்பின் இருந்தால் போதும். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழான கல் முதல் பீட்சாவோடு சோர்ந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் கல் சூடேறவே ஒரு மணி நேரம் எரிவாயுவை விழுங்கும், அடுத்தடுத்து பத்துப் பேருக்குச் சுடுபவருக்கு மட்டும் அது பொருந்தும். வடிவத்தில் எனக்குச் சதுரமே பிடிக்கும், மாவு சற்றே விலகி விழுந்தாலும் கல்லிலேயே விழும். வட்டமான கரி அடுப்பு என்றால் வட்டக் கல் பொருந்தும். வாங்கும் முன் மூடியை மூடிப் பார்த்து உள்ளளவு எடுங்கள். திறந்த நிலையில் எடுத்த அளவு, மூடியின் வளைவு இறங்கும்போது ஏமாற்றும்.

கல்லின் உயரமும் கல்லளவுக்கு முக்கியமானது. கம்பித் தட்டிலேயே வைக்காமல் இரண்டு தீச்செங்கற்களின்மேல் உயர்த்தி மூடிக்கு அருகே கொண்டுபோனால், சுடரிலிருந்து விலகவும் மூடியின் வெப்பத்தை நெருங்கவும் ஒரே அடியில் வழி கிடைக்கிறது. மூன்று பர்னர் அடுப்பில் நான் செய்வது இது: கல்லை நடுவில் உயர்த்தி வைத்து, இரு பக்கப் பர்னர்களையும் முழுதாக எரியவிட்டு, நடு பர்னரை அணைத்தோ மிகக் குறைத்தோ வைப்பேன். கரி அடுப்பில் இதே வேலையைக் கனலைச் சுற்றிலும் ஒதுக்கி நடுவைக் காலியாக விடுவது செய்துவிடும்.

அளவெடுப்பான் எழுதியது:

சூடேறும் நேரத்தைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மூடியில் பதித்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். அது 300 என்று காட்டும் நேரத்தில் என் கல் 190 பாகையில்தான் இருந்தது. குளிர்ந்த அடுப்பில் கல்லை வைத்து, முதல் பத்து நிமிடம் சிறு தீயிலும் பிறகு பெருந்தீயிலும், மொத்தம் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் மூடியே வைக்கிறேன். கல்லின் மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்து, 320க்கும் 350க்கும் இடையில் வந்ததும் மாவை இறக்குகிறேன். நடுவிலும் நான்கு மூலைகளிலும் பார்ப்பது நல்லது. மூலைக்கும் நடுவுக்கும் 60 பாகை வேறுபாடு இருந்தால் பர்னர்களின் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள்.

இந்த வெப்பமானி கல்லில் நம்பகமாக அளக்கும். பளபளக்கும் உலோகத்தில் பொய் சொல்லும். மெருகிட்ட எஃகு மிகக் குறைவாகவே கதிர்வீசுவதால், உண்மையைவிட மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பிக் கையை வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பேக்கிங் தாளைப் போட்டுச் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் தாள்கள் பெரும்பாலும் 220 பாகை அளவுக்கே உரியவை. கிரில்லில் அது தீப்பிடிக்கும். மரத் துடுப்பில் சிறிது ரவை தூவி மாவை வழுக்கி இறக்கப் பழகுவதே வழி. எடுப்பதற்கு மெல்லிய உலோகத் துடுப்பு.

புதுமாவு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். 35 சென்டிமீட்டர் சதுரக் கார்டியரைட் கல், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன், வாங்கினேன். கரிக்கனல் சொன்னபடியே உயர்த்தி வைத்தேன், அளவெடுப்பான் சொன்னபடியே காத்திருந்தேன். 335 பாகையில் இறக்கிய முதல் பீட்சா ஐந்தரை நிமிடத்தில், ஓரங்களில் புள்ளிபுள்ளியாகப் பழுப்பேறி வந்தபோது வீட்டில் யாரும் நம்பவில்லை, நானும்தான்.

இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சீஸ் வழிந்து கல்லில் கறுப்புக் கறை படிந்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்க்கலாமா? அடுத்து, முதல் இரண்டு பீட்சாக்கள் நன்றாக வந்தும் மூன்றாவதன் அடி கரிந்துவிடுகிறது. இரண்டு முறையும் மூன்றாவதுதான்.

சூளைப்பக்கம் எழுதியது:

சோப்பு வேண்டவே வேண்டாம், கல் அதைக் குடித்துக்கொண்டு அடுத்த பீட்சாவுக்குக் கொடுக்கும். ஆறிய பிறகு மரக் கரண்டியின் விளிம்பாலோ கடினமான தூரிகையாலோ சுரண்டுங்கள். மிஞ்சும் கறை நிறம் மட்டுமே. எண்ணெய் தடவிப் பழக்குவதும் எஃகுக்கு உரியது; கல்லில் தடவினால் புகையும் கெட்ட வாடையும்தான் மிச்சம். தவிர்க்க முடியாமல் தண்ணீர் பட்டுவிட்டால், இரண்டு நாள் உலரவிட்டு, அடுத்த முறை சிறு தீயில் கூடுதல் நேரம் வையுங்கள்.

கரிக்கனல் எழுதியது:

மூன்றாவதற்கு முன் உங்களுக்கு மாவை விரிக்கவும் மேலே பரப்பவும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரம் முழுவதும் பக்கப் பர்னர்கள் பெருந்தீயில் எரிந்தால் கல் 380, 400 என்று ஏறிக்கொண்டே போகும். அப்போது பலர் மூடியைத் திறந்து ஆறவிடுவார்கள்; திறந்தவுடன் ஆறுவது மூடியும் காற்றும்தான், கல் அப்படியே இருக்கும், ஆகவே பழைய நோயே திரும்பும். ஈரத் துணியால் கல்லைத் தொடுவது அதைவிட மோசம், முதல் கல்லுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

ஒரு பீட்சாவை எடுத்ததும் மூடியை மூடி, பர்னர்களைப் பாதிக்குக் குறைத்துவிட்டு அடுத்த மாவை விரியுங்கள். இறக்கும் முன் கல்லை அளந்து பாருங்கள். 350க்குக் கீழே வந்ததும் மாவை இறக்கி, அந்த நொடியே பர்னர்களை முழுதாகத் திறந்துவிடுங்கள். கல்லின் மேற்பரப்புக்கு அந்தச் சூடு வந்து சேரச் சில நிமிடம் ஆகும், காற்றுக்கும் மூடிக்கும் உடனே போய்விடும். அந்தச் சில நிமிடத்துக்குள் உங்கள் பீட்சா வெந்து வெளியே வந்திருக்கும். முந்தைய இரண்டிலிருந்து சிந்திய ரவையும் மாவும் கல்லில் கருகிக் கிடக்குமே, அதையும் நீண்ட பிடியுள்ள தூரிகையால் தள்ளிவிட்ட பிறகே மூன்றாவதை இறக்குங்கள். நீங்கள் சொல்லும் கரிந்த சுவையில் பாதி அதிலிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன்.